எஸ்ஸவீராவில் கைவினைப் பொருள்கள்: எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, என்ன விலை கொடுப்பது?

தென்றல்வழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதம் அம்மாவுடன் மொராக்கோ செல்கிறேன். மராகேஷில் மூன்று நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து பேருந்தில் அட்லாண்டிக் கரையில் உள்ள எஸ்ஸவீராவுக்குப் போய் நான்கு நாள் இருப்பதாகத் திட்டம். அங்கே என்ன பார்ப்பது என்பதைப் பற்றி இந்தக் குழுவில் ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்க விரும்புவது கடைவீதியைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டின் கடற்கரை ஊரில், உள்ளூர்க் கைவேலை என்று சொல்லப்பட்டதை நம்பி ஒரு மரக்கிண்ணம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அடியில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டியபோது, எங்கோ ஒரு தொழிற்சாலையின் முத்திரை அதற்குள் இருந்தது. பணம் போனதைவிட, அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊரின் நினைவே கசந்துபோவதுதான் எனக்கு வருத்தம். இம்முறை அப்படி நேரக் கூடாது.

ஆகவே எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். எஸ்ஸவீராவிலேயே செய்யப்படுபவை எவை, வெளியூரிலிருந்து வந்து அங்கே விற்கப்படுபவை எவை? துயா என்ற மரத்தில் செய்யும் பெட்டிகளையும், ஆர்கன் என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள்; அவற்றில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது? பேரம் பேசுவதில் எது முறை? பொருள்களுக்காக 1,500 திர்ஹாம் (மொராக்கோ நாணயம்) ஒதுக்கியிருக்கிறேன்.


அலைவாய் எழுதியது:

வணக்கம் தோழி. வேலை நிமித்தமாகக் காசாபிளாங்காவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்தக் காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் எஸ்ஸவீராவுக்குத்தான் போவேன் என்பதால், உங்கள் முதல் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும்.

அந்த ஊர் மற்ற பழைய மொராக்கோ நகரங்களைப் போல வளைந்து நெளிந்து வளர்ந்தது அன்று. மொகடோர் என்று ஐரோப்பியர் அழைத்த அந்த இடத்தில், 1760களில் சுல்தான் முகம்மது பின் அப்துல்லா ஒரு துறைமுக நகரை எழுப்ப விரும்பி, தியோடோர் கோர்னு என்ற பிரெஞ்சுக்காரரிடம் அதற்கான வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். ஆகவே மதிலுக்குள் இருக்கும் பெரிய தெருக்கள் நேர்க்கோட்டில் ஓடுகின்றன. மராகேஷில் வழி தவறித் திண்டாடியவர்கள் இங்கே நிம்மதியாக நடக்கலாம். 2001இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கும் தொல்லையும் இங்கே குறைவு.

அந்த ஊரிலேயே செய்யப்படுபவை என்று நான் துணிந்து சொல்லக்கூடியவை துயா மர வேலை, வெள்ளிக் கம்பி வேலை, ராஃபியா என்ற பனைவகையின் நாரில் பின்னிய செருப்பும் பையும், உள்ளூர் ஓவியர்களின் ஓவியங்கள் ஆகிய நான்கு. ஃபிரெடெரிக் டாம்கார்ட் என்ற டென்மார்க் நாட்டவர் 1980களின் இறுதியில் அங்கே திறந்த ஓவியக்கூடத்தின் வழியாக, முகம்மது தபால் போன்ற, எந்தப் பள்ளியிலும் பயிலாத ஓவியர்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தனர். அன்று முதல் அந்த ஊர்த் தெருக்களில் ஓவியம் விற்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஆனால் அவற்றைப் பார்த்துப் போலி செய்த படங்களும் அதே தெருக்களில் நிறையத் தொங்குகின்றன.

பீங்கான் தட்டுகளும் தஜீன் என்ற கூம்பு மூடிச் சமையல் சட்டிகளும் பெரும்பாலும் கரையோரமாக வடக்கே இருக்கும் சாஃபியிலிருந்து வருகின்றன. கம்பளங்கள் பெரும்பாலும் அட்லஸ் மலைக் கிராமங்களுடையவை. தோல் விளக்குகள் மராகேஷிலிருந்தும், மெருகேற்றிய புதைபடிவக் கற்கள் கிழக்கே பாலைவன ஓரத்து எர்ஃபூதிலிருந்தும், குங்குமப்பூ தலியூயின் என்ற ஊரிலிருந்தும் வருபவை. வெளியூரிலிருந்து வருகிறது என்பதற்காக ஒரு பொருள் தாழ்ந்துவிடாது. கேட்டால் உண்மையைச் சொல்லும் கடையில் வாங்கினால் போதும்.

நடைமுறையில் சில செய்திகள். சிறிய பட்டறைகளில் அட்டை செல்லாது, ரொக்கம் வேண்டும். திர்ஹாமை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல 2,000 என்ற வரம்பு இருப்பதால் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். வயதான வியாபாரிகள் சிலர் இன்னும் ரியால் கணக்கில் விலை சொல்வார்கள். 20 ரியால் ஒரு திர்ஹாம் என்பது நினைவிருந்தால் பதறாமல் இருக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். நீங்கள் போகும் ஜூன் மாதத்தில்தான் நாவா என்ற மொராக்கோ மரபிசைக்காக 1998இல் தொடங்கிய விழா நடைபெறும். அந்த நாள்களில் நிற்க இடம் இருக்காது, வேலை செய்பவர்களுக்கும் உங்களுடன் பேச நேரம் இருக்காது. விழாவுக்கு முன்பே வாங்கி முடித்துவிடுங்கள்.


உளியோசை எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சு வேலை செய்கிறவன். துயா மரத்தைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை அந்த ஊருக்குப் போனேன். இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். சற்று நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சில் துயா என்றும் அரபியில் அர்அர் என்றும் சொல்லப்படும் இது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய நாடுகளில்தான் பெரும்பாலும் வளர்கிறது. ஸ்பெயினின் ஒரு மூலையிலும் மால்டாவிலும் கொஞ்சம் உண்டு. பழைய ரோமானியப் பெருஞ்செல்வர்கள் இதன் மேசைகளுக்குப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ இப்படிப்பட்ட ஒரு மேசைக்கு ஐந்து இலட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கொடுத்தார் என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர்களைக் கிறுக்காக்கியது இந்த மரத்தின் தண்டு அன்று. அடிமரம் வேரோடு சேரும் இடத்தில், மண்ணுக்குள் புடைத்து வளரும் முண்டுதான் அது. நெருப்பிலோ ஆட்டின் வாயிலோ கோடரியிலோ மேல்பகுதி போய்விட்டால், மரம் மீண்டும் துளிர்ப்பதற்கான மொட்டுகள் அந்த முண்டுக்குள்தான் உறங்கிக் கிடக்கின்றன. அறுத்துப் பார்த்தால் அந்த மொட்டுகளே சிறுசிறு கண்களாக, தேன் நிறத்திலும் செம்பழுப்பிலும் பலகை முழுவதும் சிதறித் தெரியும். பார்த்தால் சிறுத்தைத் தோல் நினைவுக்கு வரும்.

இப்போது அடையாளம். கையில் எடுத்ததும் மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள். வார்னிஷின் நெடியை மீறி, மிளகும் பிசினும் கலந்தது போன்ற ஒரு மணம் வர வேண்டும். அடுத்து, மேற்பரப்பில் ஓடும் கண்களும் ரேகைகளும் விளிம்பில் என்ன ஆகின்றன என்று பாருங்கள். முழு முண்டில் கடைந்த பொருளாக இருந்தால், அந்த ரேகை விளிம்பைக் கடந்து பக்கவாட்டில் இறங்கித் தொடரும். மலிவான மரத்தின் மேல் மெல்லிய தகடாக ஒட்டியிருந்தால் விளிம்பில் ஒரு கோடு விழுந்து, அதற்குக் கீழே வேறு மரம் தெரியும். ஒட்டு வேலை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை; பெரிய பெட்டிகளையும் மேசைகளையும் அப்படித்தான் செய்ய முடியும். ஒட்டு என்பதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

மூடியின் கீல், பூட்டு ஆகியவற்றைத் திறந்து மூடிப் பாருங்கள். உட்பக்க மூலைகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெளியே கண்ணாடி போலப் பளபளக்கும் பெட்டியின் உள்மூலையில் பசை வழிந்து காய்ந்திருந்தால், உப்புத்தாள் அங்கே போகவே இல்லை என்று பொருள். நல்ல தச்சன் கண்ணுக்குத் தெரியாத இடத்தை அப்படி விடமாட்டான். எலுமிச்சை மரம், கருங்காலி, சிப்பி ஆகியவற்றின் துண்டுகளைப் பள்ளத்தில் பதித்துச் செய்த பதிப்பு வேலை இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் விரலைத் தேய்த்துப் பாருங்கள். மரம் எங்கே முடிந்து பதிப்பு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது.

இனி, தென்றல்வழி கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று. தண்டை வெட்டினால் துயா மீண்டும் துளிர்க்கும். ஊசியிலை மரங்களில் இது அரிய குணம். ஆனால் முண்டைத் தோண்டி எடுத்தால் அந்த மரம் போனது போனதுதான், ஏனென்றால் துளிர்க்கும் உறுப்பையே எடுத்துவிடுகிறோம். இதைத் தெரிந்துகொண்டபின் நான் வாங்க நினைத்திருந்த சதுரங்க மேசையை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சிறிய பொருளாக, வேலைப்பாடு அதிகமாகவும் மரம் குறைவாகவும் உள்ளதாக, செய்தவரின் கையிலிருந்தே வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். கண்கள் இல்லாத, நேர் ரேகை ஓடும் தண்டு மரத்தில் செய்த கரண்டியும் கிண்ணமும்கூட அதே மணத்துடன் கிடைக்கின்றன. அவை விலையும் குறைவு.


நெய்தல்மகள் எழுதியது:

உளியோசை ஐயாவுக்கு நன்றி. நான் எண்ணெயைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது எண்ணெயில்தான்.

முதல்முறை மராகேஷிலிருந்து வாடகைக் காரில் போனபோது, வழியில் ஒரு முள்மரத்தின் கிளைகளில் ஏழெட்டு ஆடுகள் நிற்பதைக் காட்டி ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். ஆர்கன் மரத்தில் ஆடுகள் தாமாகவே ஏறிப் பழம் தின்பது உண்மைதான். ஆனால் சாலையோரத்தில், நாள் முழுவதும், நகராமல் நிற்கும் ஆடுகள் படம் எடுப்பவர்களுக்காக நிறுத்தப்பட்டவை என்பது எனக்கு அப்போது தெரியாது. பக்கத்திலேயே பெண்கள் கூட்டுறவு என்று பலகை வைத்த ஒரு கடை இருந்தது. வாசலில் இரண்டு பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் வாங்கிய எண்ணெயின் புட்டியை ஊருக்கு வந்து திறந்தேன். வறுத்த பருப்பின் மணம் கொஞ்சமும் இல்லை, சில வாரங்களில் பழைய சமையல் எண்ணெயின் வாடை அடித்தது. அந்தப் பெண்களின் உழைப்புக்குப் போகும் என்று நினைத்துக் கொடுத்த பணம் யாருக்குப் போனதோ என்பதுதான் என்னை நெடுநாள் உறுத்தியது.

இரண்டாம் முறை, எஸ்ஸவீராவுக்குத் தெற்கே கிராமப்புறத்தில் உள்ள ஓர் உண்மையான கூட்டுறவில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் தரையில் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். மடிக்கு முன்னே ஒரு தட்டைக் கல். இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, வலக்கையில் இருக்கும் நீண்ட கல்லால் ஒரே தட்டு. கொட்டை தன் விளிம்புக் கோட்டிலேயே பிளந்து, ஒன்று முதல் மூன்று பருப்பு வரை வெளியே விழும். நான் முயன்றபோது ஐந்து கொட்டைகளில் மூன்று நொறுங்கிப்போயின. நாள் முழுவதும் உடைத்தால், தேர்ந்த கைக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ பருப்பு சேரும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், அடிமாட்டு விலைக்கு விற்கும் ஆர்கன் எண்ணெய் என்னவாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சமையல் எண்ணெய் வறுத்த பருப்பிலிருந்து எடுப்பது. பொன்பழுப்பு நிறமும் வேர்க்கடலை வறுத்தது போன்ற மணமும் இருக்கும். தலைக்கும் தோலுக்கும் பூசுவது வறுக்காத பருப்பிலிருந்து எடுப்பது. நிறமும் மணமும் மிக மெலிதாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், பிழிந்த நாள் எழுதியதாக வாங்குங்கள். வாதுமையை அரைத்து ஆர்கன் எண்ணெயும் தேனும் சேர்த்த அம்லூவை ஒருமுறை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டால், எண்ணெயின் சுவை நாக்கில் பதிந்துவிடும். பிறகு போலியை அடையாளம் காண்பது எளிது.

கூட்டுறவு என்ற எண்ணமே அங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. ரபாத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஸுபைதா ஷர்ரூஃப் இந்த எண்ணெயை ஆராய்ந்தவர். அவருடைய முயற்சியில் 1996இல் தமனார் என்ற சிற்றூரில் முதல் பெண்கள் கூட்டுறவு தொடங்கியது. அதற்குமுன் இடைத்தரகர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு, அவர்களில் பலர் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும், சொந்த வருமானம் என்ற ஒன்று வந்தது. ஆர்கன் தொடர்பான இந்த அறிவும் பழக்கங்களும் 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பெயரைச் சொல்லித்தான் சாலையோரப் பலகைகள் பிழைக்கின்றன என்பதால் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது.


பயணப்பை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மொராக்கோவில் சொல்லும் விலை வெளிநாட்டவருக்கென்று ஏற்றிய விலை. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து நடங்கள். பத்தடி போவதற்குள் கூப்பிடுவார்கள். மராகேஷில் 600 திர்ஹாம் சொன்ன ஒரு விளக்கை 180க்கு வாங்கினேன். இதில் மனவருத்தம் கொள்ள ஒன்றுமில்லை. நட்டத்துக்கு எந்த வியாபாரியும் விற்கமாட்டான், கட்டுப்படியாகாவிட்டால் கொடுக்கமாட்டான். நம்முடைய பணமும் உழைத்துச் சேர்த்ததுதான் என்பதை மறந்துவிட்டு, இரக்கத்தினால் அதிகம் கொடுத்தால், அடுத்து வருகிறவர்களுக்கும் விலை ஏறும்.


அலைவாய் எழுதியது:

பயணப்பை அவர்களே, மராகேஷின் பெரிய கடைவீதியில் நீங்கள் சொல்வது பெருமளவு பொருந்தும். அங்கே நம்மோடு பேசுபவர் பெரும்பாலும் விற்பனையாளர். பொருளைச் செய்தவர் வேறெங்கோ இருக்கிறார். எஸ்ஸவீராவில் ஸ்கலா என்ற கடலோரக் கோட்டை மதிலுக்கு அடியில் நிலைமை வேறு. மேலே வரிசையாகப் பழைய வெண்கலப் பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. கீழே, ஒரு காலத்தில் வெடிமருந்தும் தளவாடமும் வைத்திருந்த வளைகூரை அறைகளில் தச்சர்கள் வேலை செய்கிறார்கள். அங்கே நம்மிடம் விலை சொல்பவரின் முன்கையில் மரத்தூள் அப்பியிருக்கும்.

அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முதியவர் 300 திர்ஹாம் சொன்ன பெட்டியை ஒரு பயணி 100க்குக் கேட்டார், 120 என்றார், எழுந்து நடந்தார். முதியவர் கூப்பிட்டார், கொடுத்தார். பயணி போனபின் நான் அவரிடம், கட்டுப்படியானதா என்று கேட்டேன். காலையிலிருந்து போணியே ஆகவில்லை, வீட்டுக்கு எதையாவது கொண்டுபோக வேண்டும் என்றார். கட்டுப்படியாகாவிட்டால் கொடுக்கமாட்டான் என்ற உங்கள் வாதம், அன்றைய அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம் நிற்காது. கையில் சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்க வசதி உள்ளவர்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

பேரமே பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே அது பேச்சின் ஒரு பகுதி. புதினாத் தேநீர் வரும், எந்த ஊர் என்று கேட்பார்கள், நீங்களும் குடும்பத்தைப் பற்றிக் கேட்கலாம். மராகேஷில் அரசு நடத்தும் ஆன்சாம்பிள் ஆர்டிசனால் என்ற கைவினை வளாகத்தில் பொருள்களுக்கு விலை எழுதி வைத்திருப்பார்கள். முதலில் அங்கே ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து, எந்த அளவு வேலைக்கு என்ன விலை என்று மனத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எஸ்ஸவீராவில் பேசும்போது உங்கள் மனவிலைக்குக் கொஞ்சம் கீழே தொடங்கினால் இருவருக்கும் மரியாதையாக முடியும். விலை ஒத்துக்கொண்டபின் பின்வாங்குவது மட்டும் அங்கே பெரிய அவமதிப்பு. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் விலையே கேட்காமல், "லா ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிப் புன்னகையுடன் நகர்ந்துவிடலாம்.


உளியோசை எழுதியது:

அலைவாய் சொன்ன அந்தப் பெட்டியின் கணக்கை ஒரு தச்சனாகப் போட்டுப் பார்க்கிறேன். முண்டை அறுத்துக் காய வைப்பதை விட்டுவிடுவோம். பலகை சீவ, இணைக்க, பள்ளம் தோண்டிப் பதிப்பு வைக்க, மூன்று தரத்து உப்புத்தாளில் தேய்க்க, மெருகு ஏற்ற என்று என் கைக்கு முழுதாக ஒன்றரை நாளாவது ஆகும். 120 திர்ஹாமில் மரத்தின் விலை போக மிச்சம் என்ன இருக்கும்? பயணப்பை அவர்களே, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் பட்டறை வாசலில் நின்று பாதி விலைக்குக் கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பணிந்து கொடுத்துமிருக்கிறேன். அடுத்த பொருளில் தேய்ப்பு ஒரு தரம் குறைந்துவிடும். கைவேலையின் தரம் இப்படித்தான் இறங்குகிறது.


வெள்ளிக்கம்பி எழுதியது:

எங்கள் குடும்பத் தொழில் வெள்ளி என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். எஸ்ஸவீராவின் நகைகளில் தனித்து நிற்பது கம்பி வேலை. மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பியை இரண்டிரண்டாக முறுக்கி, தட்டி, சுருளாக வளைத்து, சட்டத்துக்குள் அடுக்கிப் பற்றவைப்பது. இதில் பேர்பெற்றவர்கள் அந்த ஊரின் யூதப் பொற்கொல்லர்கள். ஒரு காலத்தில் ஊரின் மக்கள்தொகையில் பெரும் பங்கு யூதர்களாக இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அவர்களிடம் தொழில் கற்ற முஸ்லிம் பொற்கொல்லர்கள் வழியாக வேலை நிலைத்தது. அந்த ஊர் யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் பைத் தாகிரா என்ற நினைவு இல்லத்தை 2020இல் மன்னர் வந்து பார்வையிட்டார். நகை வாங்கும் முன் அங்கே ஒரு நடை போய், யாருடைய கை இந்த வேலையைத் தொடங்கியது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மிகச் சில. வெள்ளியே கலக்காத உலோகக் கலவையான ஜெர்மன் சில்வரை வெள்ளி என்று விற்பது அங்கேயும் உண்டு. அரசு முத்திரை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் தாமே காட்டுகிறவரிடம் வாங்குங்கள். எடை போட்டு, வெள்ளி இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கம்பி வேலையில் கூலிதான் பெரிது, அது நியாயம். வார்ப்பில் ஊற்றி எடுத்த போலியின் பின்பக்கத்தைப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம் புகாமல் அடைபட்டிருக்கும், முறுக்கின் வரிகள் மழுங்கியிருக்கும்.


பயணப்பை எழுதியது:

உளியோசை ஐயா சொன்ன கணக்கைப் படித்தபின் அந்த 180 திர்ஹாம் விளக்கை எடுத்துப் பார்த்தேன். துளையிட்ட வேலையை எண்ணத் தொடங்கி, ஒரு பக்கத்திலேயே நானூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். விற்பனையாளரிடம் நான் பேசிய பேரம் செய்தவரின் கூலியில் போய் விழுந்திருக்கக்கூடும் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வழிகாட்டியோ ஓட்டுநரோ அழைத்துப் போகும் கடையில் அவருக்கு ஒரு தரகு போகிறது. அந்த இடத்தில் கறாராகப் பேசுவதில் எனக்கு இன்னும் தயக்கமில்லை. தென்றல்வழி, பட்டறைக்குத் தனியாகப் போங்கள், யாரையும் உடன் அழைத்துப் போகாதீர்கள்.


தென்றல்வழி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சிறு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. அம்மா தஜீன் சட்டியில் சமைக்க ஆசைப்படுகிறார். வண்ணம் தீட்டிய சாஃபிச் சட்டிகளில் சமைக்கலாமா?


நெய்தல்மகள் எழுதியது:

வண்ணச் சட்டியில் சமைக்க வேண்டாம். பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது உணவில் இறங்கும். அதை மேசையில் பரிமாற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சமைப்பதற்கு, உள்ளூர் மக்கள் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் வாங்கும் பூச்சில்லாத மண்சட்டியைக் கேளுங்கள். விலையும் மிகக் குறைவு. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, சிறு தீயில் பழக்க வேண்டும் என்பது உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆர்கன் புட்டியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே வையுங்கள். விமானத்தில் கைப்பைக்குள் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.


தென்றல்வழி எழுதியது:

போய் வந்து ஏழு வாரம் ஆகிறது. சொன்னபடி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பாகவே போய்ச் சேர்ந்தோம். ஸ்கலா தெருவில் முதல்நாள் எதையும் வாங்காமல் நடந்தோம். மறுநாள் காலை, மதிலுக்கு அடியில் ஒரு சிறு பட்டறை வாசலில் அம்மா நின்றுவிட்டார். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பதிப்பு வேலை செய்துகொண்டிருந்தார். எலுமிச்சை மரத்தின் மஞ்சள் நிற இழை ஒன்றை, தீக்குச்சியைவிட மெல்லியது, பள்ளத்தின் மேல் வைத்து, கத்தியால் சாய்வாக நறுக்கி, நாக்கு நுனியில் தொட்டு ஈரமாக்கி, பசையில் பதித்துச் சுத்தியலின் பக்கவாட்டால் மெதுவாகத் தட்டினார். அவருடைய கட்டைவிரல் நகம் பாதி வளர்ந்து பாதி மழுங்கி ஒரு கருவியைப் போலவே இருந்தது. அம்மா சைகையில் கேட்டபோது, ஓர் இழையை அம்மாவின் கையில் கொடுத்து வைக்கச் சொன்னார். அம்மா வைத்தது சற்றுக் கோணியது. அவர் அதை எடுக்காமல் அப்படியே தட்டி முடித்தார்.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகுதான் விலை கேட்டோம். நாங்கள் எடுத்தது பூட்டுப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு பட்டையைத் தள்ளினால் சாவித் துளை தெரியும், அடியில் இன்னொன்றைத் தள்ளினால் சாவி விழும். முண்டு மரம் மூடியில் மட்டும், மீதி தண்டு மரம் என்று அவரே சொன்னார். 260 திர்ஹாம் என்றார். நான் 240 கேட்டேன், தலையசைத்தார். கிளம்பும்போது விரல் நீளத்தில் ஒரு துயாத் துண்டைக் கொசுறாக அம்மாவின் கையில் வைத்தார். அது இப்போது அம்மாவின் புடவை அலமாரியில் இருக்கிறது. திறந்தால் மணக்கிறது. நெய்தல்மகள் சொன்னபடி எண்ணெய் கூட்டுறவில் வாங்கினோம். மண்சட்டி ஒன்றும் வாங்கினோம். நகை பார்த்தோம், வாங்கவில்லை.

உளியோசை ஐயாவிடம் ஒரு கேள்வி. சென்னையில் மழை தொடங்கியதிலிருந்து பெட்டியின் அந்தப் பட்டை நகர மறுக்கிறது. அழுத்தித் தள்ளினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எண்ணெய் விடலாமா?


உளியோசை எழுதியது:

எண்ணெய் விடாதீர்கள் அம்மா. மரம் அதைக் குடித்து இன்னும் ஊதும், தூசியும் பிடித்துக்கொள்ளும். அழுத்தவும் வேண்டாம். ஈரக் காற்றில் மரம் அகலவாக்கில் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சமையலறையிலிருந்து தள்ளி, காற்றோட்டமான உலர்ந்த அறையில் ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மூடியில் வெடிப்பு விடும். பட்டை தானாக இளகியதும் அதை முழுதாக வெளியே இழுத்து, உரசும் இரண்டு விளிம்புகளிலும் வெள்ளை மெழுகுவத்தியை நாலைந்து முறை அழுத்தித் தேய்த்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் செருகுங்கள். அடுத்த மழைக்காலம் வரை தாங்கும். அதுவரை சாவியைப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே வைத்திருங்கள்.